மூன்று பேர் பேசினால் கூட்டம்

ஓவர்வேல்ட், அயோவா
பிப்ரவரி 13, 2018

வெர்லின்,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன் பண்ணைக்கு வந்தால் பன்றிக் கொட்டகைக்குள் புகுந்துகொள்கிறாய். அதனால்தான் இந்த வயதில் கூடப்பிறந்த தம்பிக்குத் தபால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மார்ச் மாதப் பள்ளி வாரியக் கூட்டத்தில், "அமெரிக்க அரசாங்கம், அரசியல்" பாடத்தை என் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, கணினியில் பிள்ளைகளே பார்த்துப் படிக்கும்படி மாற்றலாமா என்று ஒரு தீர்மானம் வருகிறதாம். கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். "வாரியத் தலைவர் என் தம்பி சார். அப்படி ஒண்ணு இருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பானா?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த மனிதர் முன்னால் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

காரணம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. டிசம்பரில் யாரெட்ஸி எழுந்து நின்றாளே, அதுதானே? பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் கொடுக்கும் வேலைதான் அது. எந்த அரசாங்கக் கூட்டத்துக்காவது போக வேண்டும். அங்கே எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். வகுப்பில் அதற்கு "எழுந்து கேள்" என்று பெயர். வருடா வருடம் முக்கால்வாசிப் பிள்ளைகள் நகர மன்றத்துக்குப் போய் நீச்சல் குளம் எப்போது திறக்கும் என்று கேட்டுவிட்டு வருவார்கள். யாரெட்ஸி மட்டும் கவுண்டி நிர்வாகக் கூட்டத்துக்குப் போனாள். டுவைட் போஸ்ட்மா கட்டப்போகும் புதுப் பன்றிக் கொட்டகை அவள் குடும்பம் குடியிருக்கும், சக்கரம் வைத்த வண்டி வீடுகளுக்குப் பக்கத்தில் வருகிறது. "உங்க வீடு அங்க இருந்தா இதுக்குச் சரின்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அனுமதியைத் தள்ளிவைத்தார்கள். டுவைட் உன் வாரியத்தில் உறுப்பினன். உன் சிநேகிதன். கணக்கு எனக்கும் போடத் தெரியும்.

நேரில் வந்து சொல். "அக்கா, உன் பாடத்த எடுக்கப் போறோம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

கொரின்


பிப்ரவரி 17

அக்கா,

எனக்குக் கடிதம் எழுத வராது. உனக்குத் தெரியும். ஆனாலும் நீ எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவள் சின்னப் பெண். அவளை அங்கே அனுப்பியது யார்? ஊர் பார்க்க டுவைட் தலைகுனிந்து வெளியே போனானே, அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும். நீ வகுப்பில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தாய். "எழுந்து கேள்" என்று பெயர் வைத்திருக்கிறாய். உட்கார்ந்து கேட்பது என்று ஒரு பாடம் வைத்திருக்கிறாயா?

டுவைட் யார் என்பது உனக்கு மறந்துவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருஷம் சோளம் காட்டில் அப்படியே நின்றது. நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், டுவைட் அவன் அறுவடை இயந்திரத்தோடு நிற்கிறான். பின்னால் ஊரே இயந்திரங்களோடு வரிசையில் நிற்கிறது. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் அறுத்துக் களஞ்சியத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தனும் காபிக்குக்கூட நிற்கவில்லை. போன மாதம் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியதும் அவன்தான். கல்லறையில் அவன் உன்னிடம் கையை நீட்டினான். அந்தக் கொட்டகைக் கோபத்தில் நீ கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாய். நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

என் மகள் அனெக்காவும் உன் வகுப்பில்தான் இருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் எனக்கே பாடம் எடுக்கிறாள். உருளைக்கிழங்கை எடுத்து வை என்றால், "அது உத்தரவா, வேண்டுகோளாப்பா?" என்கிறாள். இதைத்தான் நீ கற்றுக்கொடுக்கிறாய்.

கணினியில் படித்தால் கெட்டுப்போய்விட மாட்டார்கள். அரசியல் சட்டம் அதிலும் அதே சட்டம்தான். இதில் உன் மேல் தனிப்பட்ட விரோதம் யாருக்கும் இல்லை. டுவைட், வாரியத்தில் இருக்கும் மார்லிஸ், நான் மூவரும் ஒரே மனதாக இருக்கிறோம். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த சாப்பாட்டன்றே பேசி முடித்துவிட்டோம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

வெர்லின்


பிப்ரவரி 21

வெர்லின்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் படித்தது சரிதானா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அப்பாவின் சாப்பாட்டன்றா?

அவரைப் பனியில் வெடித்த மண்ணுக்குள் இறக்கிவிட்டு, தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் எல்லோரும் ஹாம் இறைச்சி வைத்த பன் தின்றுகொண்டிருந்தபோதா? காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நீங்கள் மூன்று பேரும் தலையோடு தலை வைத்து நின்றதை நான் பார்த்தேன் வெர்லின். அப்பாவைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். என் தம்பி மனம்விட்டு அழட்டும் என்று யாரையும் பக்கத்தில் போக விடவில்லை. கடைசியில் நானே எலுமிச்சைக் கேக்கைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். மார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா மாதிரி மனுஷன் இனிமே பொறக்கணும் கொரின்" என்றாள். அந்தக் கையால்தான் அவள் என் வேலைக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். நீங்களும் என் கேக்கை வாங்கிச் சாப்பிட்டீர்கள். எப்படி இறங்கியது தொண்டையில்?

இது அக்கா கேட்பது. இனி வாத்தியாரம்மா கேட்பதையும் கேட்டுக்கொள்.

உன் வாரியத்தில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் பெரும்பான்மை, சட்டத்தில் அதற்குக் "கோரம்" என்று பெயர். பெரும்பான்மை ஒரு இடத்தில் கூடி, வாரியத்தின் காரியத்தைப் பேசினால் அது கூட்டம். தலைவர் தட்டும் சுத்தியல் இருந்தாலும் கூட்டம்தான், காபிப் பாத்திரம் இருந்தாலும் கூட்டம்தான். கூட்டம் என்றால் முன்கூட்டி அறிவிப்பு ஒட்ட வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம். மாநிலச் சட்டம் அது. என் வகுப்பில் கடைசி வரிசையில் தூங்குகிற பிள்ளைகூடச் சொல்லும். சாவு வீட்டில் வானிலை பேசலாம், சோள விலை பேசலாம், செத்தவரைப் பற்றிப் பேசலாம். வாரியத்தில் என்ன ஓட்டுப் போடுவது என்று பேசக் கூடாது. பதவியேற்ற அன்று கையில் கொடுத்த புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாயா, இல்லை டிராக்டர் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாயா?

அதை எழுதி, கையெழுத்தும் போட்டு, அரசாங்கப் பாடம் நடத்துகிறவளுக்கே அனுப்பியிருக்கிறாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை, கோபம்தான் வருகிறது.

மார்ச் 12-ஆம் தேதிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் உண்டு. நான் எழுந்து இதைச் சொல்லப்போகிறேன்.

கொரின்


பிப்ரவரி 26

அக்கா,

கோரமாம் கோரம். அந்த வார்த்தையே கோரமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அப்பாவைப் புதைத்த கையோடு நின்றுகொண்டிருந்தேன். கால் தரையில் பாவவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். டுவைட் ஏதோ சொன்னான், நான் தலையாட்டினேன். அன்று யார் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். துக்கம் கேட்க வருகிறவர்களை, "ஒண்ணு, ரெண்டு, மூணாவது ஆள் வராதீங்க, சட்டம் இருக்கு" என்று எண்ணிக்கொண்டா இருப்பார்கள்?

நீ எழுந்து பேசுவாயா? பேசு. உனக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கிறாய்? வாரப் பத்திரிகைக்காரன் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பான். வியாழக்கிழமை முதல் பக்கத்தில் அப்பா பெயர் வரும். அவர் இந்த ஊரில் ஒரு நாளும் அதிர்ந்து பேசியதில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் "சட்டவிரோதக் கூட்டம்" என்று போடுவான். கல்லறையில் மண்கூட இன்னும் அமுங்கவில்லை. பனி உருகினால்தான் கல்லே வைக்க முடியும். அதற்குள் அவர் சாப்பாட்டை ஊர் வழக்கில் இழுத்து வைக்கப்போகிறாய். ஆக, உன் பாடம்தான் உனக்குப் பெரிது. அப்பா பெரிதில்லை.

சட்டம் எனக்குத் தெரியாதுதான். நான் காலேஜுக்குப் போகவில்லை. ஒருத்தர் பண்ணையில் இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார், நான் இருந்தேன். நீ போனாய். அதை நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

அன்று நீ எழுந்து நின்றால் இந்தப் பண்ணை வாசலை மறந்துவிடு.

வெர்லின்


மார்ச் 4

வெர்லின்,

பேசவில்லை.

பேசாமல் இருக்கப்போவது உனக்காக இல்லை. உன் வாசலுக்காகவும் இல்லை. அந்த வாசலில் பாதி எனக்கும் எழுதி வைத்துவிட்டுத்தான் அப்பா போயிருக்கிறார், வக்கீலைக் கேட்டுப் பார். அப்பா பெயர் பத்திரிகையில் அப்படி வரக் கூடாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நீ எழுதியதில் அந்த ஒரு வரிதான் நியாயம்.

காலேஜ் விஷயத்தை இழுத்தாய். இழுத்தது நல்லதுதான், மனதில் வைத்துப் புழுங்குவதை விட. ஆனால் ஒன்று. ஒருத்தர் பண்ணையில் இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது, என்னையும் கேட்டிருக்கலாம். பெண் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. எனக்கு மாடும் பன்றியும் உன்னை விட நன்றாகவே வரும்.

12-ஆம் தேதி வருவேன். முன் வரிசையில் உட்காருவேன். வாயைத் திறக்க மாட்டேன். நீ ஓட்டுப் போடும்போது என் முகத்தைப் பார்த்துப் போடு. அது மட்டும்தான் நான் கேட்பது.

கொரின்


மார்ச் 13

கொரின்,

அக்கா என்று எழுத இன்று கை வரவில்லை.

வாக்குக் கொடுத்தாய். முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாய். சரி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் என்று மனதுக்குள் உனக்கு நன்றிகூடச் சொன்னேன். அப்புறம் செயலர் பேசுகிறவர்கள் பெயரை வாசித்தார். என் மகள் பெயர்.

நான் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அனெக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். அப்பா சாவுக்குப் போட்ட அதே கறுப்பு உடை. கையில் ஒரு அட்டை. அதைப் பார்த்து வாசித்தாள். "என் பேரு அனெக்கா வீலெங்கா. பன்னெண்டாம் வகுப்பு. வாரியத் தலைவர்கிட்ட ஒரு கேள்வி. எங்க தாத்தா சாப்பாட்டன்னிக்கு நீங்க மூணு பேரும் காபி பக்கத்துல நின்னு பேசுனீங்களே, அது இந்தத் தீர்மானத்தப் பத்தியா?"

மார்லிஸ் கையை வாயில் வைத்துக்கொண்டாள். டுவைட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுத்தியலை எடுத்துத் தட்டி, "நேரம் முடிஞ்சது" என்றேன். சுவரில் இருந்த கடிகாரத்தில் அவளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் உட்கார்ந்தாள். அப்புறம் ஓட்டு. மூன்றுக்கு இரண்டு. உன் பாடம் போயிற்று.

நீ பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு, என் பிள்ளை வாயால் பேசினாய். யாரெட்ஸியை டுவைட் மேல் ஏவினாய், அனெக்காவை என் மேல் ஏவினாய். உனக்குப் பிள்ளை இல்லை, அதனால் ஊரார் பிள்ளையெல்லாம் உனக்குக் கைத்தடி. காலையில் அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

என் மகளை எனக்குத் திருப்பிக் கொடு.

வெர்லின் வீலெங்கா


மார்ச் 15

வெர்லின்,

"உனக்குப் பிள்ளை இல்லை" என்ற வரியை நீ எழுதிவிட்டு அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. சரி, அது அங்கேயே இருக்கட்டும்.

அவளை நான் ஏவவில்லை. இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போன வாரம் வகுப்பில் அவள் கையைத் தூக்கி, "டீச்சர், அஞ்சு பேர்ல மூணு பேர் ஒரு விசேஷ வீட்டுல நின்னு பேசுனா அது கூட்டமா?" என்று கேட்டாள். வகுப்பில் அவள் என்னை அத்தை என்று கூப்பிட மாட்டாள், அது எங்களுக்குள் முதல் நாளே பேசிவைத்தது. யாருடைய வீடு, எந்த விசேஷம் என்று நான் கேட்கவில்லை. "என்ன பேசுனாங்கங்கறதப் பொறுத்தது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? சட்டம் தெரியாது என்றா? உன் முகத்தைக் காப்பாற்ற ஒரு வகுப்பு முழுவதுக்கும் பொய் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமா?

அவள் பெயரைச் செயலர் வாசித்தபோது, பாதி எழுந்தேன் தடுக்க. அப்புறம் உட்கார்ந்தேன். பேச மாட்டேன் என்று உனக்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தேன், அவளைப் பேச விட மாட்டேன் என்று யாருக்கும் கொடுக்கவில்லை.

நீ ஓட்டுப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரியும், பார்க்க மாட்டாய். ஆனால் நீ அவள் முகத்தையும் பார்க்கவில்லை வெர்லின். நான் பார்த்தேன். கேள்வி கேட்டதற்காக நீ வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நேரம் முடிந்தது என்று நீ பொய் சொன்னதும் அவள் முகம் மாறியதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தன் அப்பா ஊர் முன்னால் பொய் சொல்வார் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "எனக்கு மார்க் உண்டா அத்தை?" என்று கேட்டாள். கட்டிப்பிடித்துக்கொண்டு உண்டு என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கேட்டால் மட்டும் போதாது, பதிலை வாங்கிக்கொண்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும், வராவிட்டால் மறுபடி போய்க் கேட்க வேண்டும், அதுதான் விதி. யாரெட்ஸிக்கு ஒரு விதி, என் தம்பி மகளுக்கு ஒரு விதி வைக்க முடியாது. "இன்னும் இல்ல கண்ணு" என்றேன். தலையாட்டிவிட்டு உன் வண்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

அடுத்த வருடம் எனக்கு ஒன்பதாம் வகுப்புப் புவியியல் கொடுத்திருக்கிறார்கள். ஆறும் மலையும் யார் மேலும் கோபித்துக்கொள்ளாது என்று நினைத்திருப்பீர்கள். என் பாடத்தை எடுத்துக்கொண்டாய், எடுத்துக்கொள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறாய். அது என்னிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது.

கொரின்


மார்ச் 20

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றும் கோபம்தான் வந்தது. இன்றும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இல்லை என்று எழுதியதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு. மற்றதற்கெல்லாம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது வண்டியை ரோட்டோரம் நிறுத்தினேன். அனெக்காவிடம் கேட்டேன், "அத்தைதானே சொல்லிக்கொடுத்தா?" என்று. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலப்பா. நான் உங்க பின்னாடிதான் நின்னேன். பன் தட்ட வச்சுக்கிட்டு. நீங்க திரும்பவே இல்ல" என்றாள். அப்படியானால் எல்லாம் கேட்டாயா என்றேன். "கேட்டேன். அதனாலதான் கேள்வியா கேட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

வண்டியை எடுத்து வீட்டுக்கு ஓட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்றால், உனக்கு நான் எழுதியது பொய் என்பதும் அவளுக்குத் தெரியும். இனி உனக்கும் தெரியட்டும். டுவைட் ஏதோ சொன்னான், நான் தலையாட்டினேன் என்று எழுதினேன். அப்படி நடக்கவில்லை. நீ கல்லறையில் அவன் கையைத் தொடாமல் திரும்பியதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவின் பெட்டியைத் தூக்கிய கை அது. கீழே இறங்கி வந்ததும் நான்தான் நேராக அவனிடம் போனேன். மார்லிஸையும் நான்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். "இவ ஆட்டத்த அடக்கணும், அந்தப் பாடத்த எடுத்துருவோம், ரெண்டு பேரும் எங்கூட இருப்பீங்களா?" என்று கேட்டேன். டுவைட் என்ன சொன்னான் தெரியுமா? "இன்னிக்கு வேணாம் வெர்லின். உங்கப்பா சாப்பாடு இது. அவ உன் அக்கா" என்றான். நான் விடவில்லை. அப்பா பேரைச் சொல்லி, அறுவடை செய்து கொடுத்ததற்கு இது என் கைம்மாறு என்று சொல்லி, அவனையே தலையாட்ட வைத்தேன். அந்த நேரம்தான் நீ கேக் கொண்டுவந்தாய்.

நேற்று டுவைட் வீட்டுக்குப் போய், உண்மையை வெளியில் சொல்லப்போகிறேன் என்றேன். "சொல்லு. எனக்கும் தூக்கம் வரல" என்றான். அப்புறம் மார்லிஸுக்குப் போன் செய்ய எடுத்தேன். அனெக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். "ஒருத்தர்கிட்ட பேசியாச்சு. இன்னொருத்தர்கிட்டயும் பேசுனா மறுபடி மூணு பேரு. மறுபடி கூட்டம். ஏம்ப்பா உங்களுக்குப் புரியவே மாட்டேங்குது?" என்று கத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு முழுசாகப் பேசியது அதுதான். அதனால் மார்லிஸுக்கு இன்னும் தெரியாது. ஊரோடு சேர்ந்து அவளும் அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன சட்டமோ, எழுதினவனைக் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை மாலை சிறப்புக் கூட்டம் போட்டிருக்கிறேன். அறிவிப்பைப் பள்ளிக்கூடக் கதவில் நானே ஒட்டினேன். டேப் குளிரில் ஒட்டவில்லை, இரண்டு தடவை ஒட்டினேன். அன்று எடுத்த ஓட்டு செல்லாது என்று சொல்லி, முதலிலிருந்து எல்லோர் முன்னாலும் பேசப்போகிறோம். பேசி முடித்த பிறகு நான் மறுபடியும் உனக்கு எதிராகவே ஓட்டுப் போட்டாலும் போடுவேன். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆனால் இந்தத் தடவை உன் முகத்தைப் பார்த்துப் போடுவேன். அப்பா பெயர் பத்திரிகையில் வரத்தான் செய்யும். என் பெயர் அதற்கு மேலே வரும்படி பார்த்துக்கொள்கிறேன்.

"நீ கேக்க வேணாம், நானே எழுந்து சொல்லிடுறேன்" என்று அனெக்காவிடம் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்களா சொன்னா அது அறிவிப்பு. நான் கேட்டுச் சொன்னாத்தான் பதில்" என்றாள். பெயர் கொடுத்துவிட்டாளாம். கேட்கட்டும். மூன்று நிமிடமும் அவளுக்குத்தான், சுத்தியலைத் தொட மாட்டேன்.

நீ வந்தால் வா. டுவைட்டும் இருப்பான். அவன் இன்னொரு தடவை கையை நீட்ட மாட்டான், நீட்ட வேண்டியது நீ.

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று டிராக்டரில் உட்கார்ந்து நாள் முழுவதும் யோசித்தேன். காரணம் சொல்லலாம், அப்பாவைச் சொல்லலாம், துக்கத்தைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், என் பின்னால் நின்றவள் அவள். அதனால் சுருக்கமாகச் சொல்லப்போகிறேன்: ஆமாம்மா, பேசினோம். ஆரம்பித்தது நான்.

வெர்லின்